பிளஸ் ஒன்னில் எந்தப் பக்கம்? டெல்டாவின் கால்பந்துப் பையன்களுக்கு நான்கு வழிகள்

சம்பா அறுவடை முடிந்து தாள் காய்ந்துவிட்டால் எங்கள் பக்கம் வயலெல்லாம் மைதானம். நான்கு மூங்கிலை நட்டால் இரண்டு கோல் போஸ்ட். பொங்கலிலிருந்து சித்திரை வரை ஊருக்கு ஊர் எழுவர் போட்டி, மின்னொளிப் போட்டி, மேடை, மைக் செட், ஆளுயரக் கோப்பை. அந்த நாட்களில் எங்காவது ஒரு பையன் மூன்று ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டிருப்பான். ஏப்ரலில் அவன் அப்பா எனக்கு போன் போடுவார்.

"சார், பய பத்தாவது எழுதிட்டான். நல்லா ஆடுறான்னு எல்லாருமே சொல்றாங்க. ஹாஸ்டல்ல சேக்கவா, சென்னைக்கு அனுப்பவா? பெங்களூரு பக்கம் ஏதோ அகாடமி இருக்காமே?"

இந்த வருஷம் கேட்டவர் திருத்துறைப்பூண்டிக்காரர். போன வருஷம் பாபநாசத்திலிருந்து ஒருவர், அதற்கு முன் தரங்கம்பாடி. கேள்வி மாறுவதில்லை. சில வருஷம் சென்னை லீக்கில் ஆடிவிட்டு ஊர் திரும்பி உடற்கல்வி ஆசிரியர் ஆனவன் நான். போனில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடியாத விஷயம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

## முதலில் ஏணியைப் பாருங்கள்

பையன் எங்கே ஏறப் போகிறான் என்று தெரியாமல் எந்தப் படியில் கால் வைப்பது என்று பேசிப் பயனில்லை.

தேசிய அளவில் லீக் என்று ஒன்று வந்ததே 1996-இல்தான். தேசிய கால்பந்து லீக் என்று பெயர். பஞ்சாபின் ஜேசிடி மில்ஸ் முதல் சாம்பியன். நம் பக்கத்திலிருந்து இந்தியன் வங்கி அதில் ஆடியது. 2007-இல் அது ஐ-லீக் ஆனது. 2014-இல் எட்டு அணிகளோடு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தனியாக வந்து, சில வருஷத்தில் அதுவே முதல் படி என்றாகி, ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. அதற்கும் கீழே ஐ-லீக் 2. 2023-இல் ஐ-லீக் 3. அதன் அடியில் மாநில லீக்குகள்.

ஐ-லீக்கை ஜெயித்தால் ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம் என்ற விதி 2022-23 சீசனில்தான் நடைமுறைக்கு வந்தது. முதலில் பஞ்சாப் எஃப்சி ஏறியது, அடுத்த வருஷம் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். ஆனால் 2024-25 வரை ஐஎஸ்எல்லிலிருந்து ஓர் அணிகூடக் கீழே இறக்கப்பட்டதில்லை. ஏறலாம், இறங்க வேண்டாம். இப்படி ஓர் ஏணியை எந்தக் கொத்தனாரும் கட்ட மாட்டார்.

கிளப்புகளின் ஆயுளையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடி, 2018-19 ஐ-லீக்கை ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஜெயித்தது. மூன்று வருஷம் கழித்து ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. புனேவில் இருந்த ஐஎஸ்எல் அணி மூடப்பட்டு அந்த இடத்தில் 2019-இல் ஹைதராபாத் வந்தது. அந்த ஹைதராபாத் 2025-இல் டெல்லிக்குக் குடிபோனது. கம்பெனி அணிகளும் தப்பவில்லை: மஹிந்திரா யுனைடெட் 2010-இல், முதல் சாம்பியன் ஜேசிடி 2011-இல் கடையை மூடின.

உச்சியே ஆடிப்போனதும் சமீபத்தில்தான். ஐஎஸ்எல்லை நடத்தும் தரப்போடு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் போட்ட பதினைந்து வருஷ வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அதற்கு மேல் என்ன என்று முடிவாகாததால் அந்த ஜூலையில் ஐஎஸ்எல்லையே நிறுத்தி வைத்தார்கள். இரண்டு முறை சாம்பியனான சென்னையின் எஃப்சி உள்பட சில கிளப்புகள் அணி வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தின.

நமக்கு இதில் முக்கியமானது அடிப்படி. தஞ்சாவூர் மாவட்ட லீக்கை ஜெயித்த கிளப் அந்த வெற்றியாலேயே சென்னை லீக்கின் ஒரு டிவிஷனுக்குள் நுழைந்துவிட முடியாது. சென்னை கால்பந்து சங்கத்தின் சீனியர் டிவிஷன்தான் நடைமுறையில் தமிழ்நாட்டின் வாசல். அதாவது டெல்டாவில் அணி மேலே ஏறுவதில்லை, ஆள்தான் ஏற வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்வி கிளப்புக்கு வராமல் வீட்டுத் திண்ணைக்கு வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம் பார்ப்பேன். வருஷத்துக்கு எத்தனை நிஜமான ஆட்டம் கிடைக்கும் (பயிற்சி கணக்கில் இல்லை). வீட்டிலிருந்து எவ்வளவு பணம் போகும், கட்டணம் மட்டும் இல்லை, மொத்தமாக. படிப்பு என்ன ஆகும். அவன் ஆட்டத்தை அடுத்த படியில் இருக்கும் யார் பார்ப்பார்கள். கடைசியாக, 22 வயதில் முழங்கால் போனாலோ வாய்ப்பு நின்றாலோ கையில் என்ன மிஞ்சும்.

பெரும்பாலான அப்பாக்கள் நான்காவதை மட்டும் கேட்கிறார்கள். நான் ஐந்தாவதிலிருந்து தொடங்குவேன். காரணம் வெறும் கணக்கு. ஐஎஸ்எல்லில் 2024-25-இல் 13 அணிகள். அணிக்கு முப்பது, முப்பத்தைந்து பேர் என்று வைத்தாலும் நாடு முழுவதற்கும் நானூறு சொச்சம் இடம், அதிலும் வெளிநாட்டவர் பங்கு போக மீதி. களத்தில் நான்கு வெளிநாட்டவர் வரை ஆடலாம் என்பதால் ஃபார்வர்ட் இடம் பெரும்பாலும் அவர்களுக்கே போகிறது. ஊர்ப் போட்டியில் ஐந்து கோல் போட்டவன் கேட்பதும் அதே இடத்தைத்தான்.

## ஊரிலேயே இருந்து ஆடுவது

பள்ளி அணி, மாவட்ட அணி, மாலையில் தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியத்திலோ உள்ளூர் மைதானத்திலோ பயிற்சி. செலவு என்று பார்த்தால் பூட்ஸ், பஸ், முட்டை. குறுவட்டப் போட்டி, மாவட்டம், மாநிலம் என்று போகும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகளும், முதலமைச்சர் கோப்பையும்தான் உருப்படியான ஆட்டங்கள். குறுவட்டத்தில் தோற்றால் அந்த வருஷம் அங்கேயே முடிந்தது.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் மைதானத்தில் தவளைதான் ஆடும். இரண்டு, மூன்று மாதம் பந்து தொடாத பையன் தை மாதத்தில் நேராக மின்னொளிப் போட்டிக்குப் போவான்.

மறைந்திருக்கும் செலவு அங்கேதான். எழுவர் போட்டியில் கையில் ஐந்நூறு, ஆயிரம் கொடுத்து ஆள் கூப்பிடுவார்கள். மேடு பள்ளமான தரை, பாதி வெளிச்சம், ஒரே ராத்திரியில் மூன்று ஆட்டம், முப்பது வயது ஆட்கள் மோதும் வேகம். லிகமென்ட் கிழிந்து என்னிடம் வந்த பையன்களில் பாதிப் பேர் இப்படிக் கிழித்துக்கொண்டவர்கள். அந்தக் கோப்பைச் சான்றிதழ் எந்த வேலைக்கும், எந்த அட்மிஷனுக்கும் செல்லாது என்பது அதற்கு மேல் வருத்தம்.

ஆனாலும் ஊரிலேயே இருப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். பதின்மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் நான் வேறெதையும் சொல்லவே மாட்டேன். படிப்பில் கெட்டியான பையனுக்கும் இது போதும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் இருக்கிறது. மாநில, தேசியப் பள்ளி விளையாட்டுச் சான்றிதழ் அங்கே பேசும்.

காரைக்கால்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பையன் தினமும் ஆடுவது நாகூர்ப் பையன்களோடுதான், ஆனாலும் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி என்று வந்தால் அவனுக்குப் புதுச்சேரி அணி. ஆள் குறைவான சங்கம் என்பதால் மாநில அணிக்குள் நுழைய அது சில சமயம் சுலபமான கதவு.

## அரசு விளையாட்டு விடுதி

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள். தங்குமிடம், சாப்பாடு, உடை, பயிற்சி எல்லாம் இலவசம். பக்கத்துப் பள்ளியில் படிப்பு. மாவட்டத் தேர்வு வைத்து, பிறகு மாநிலத் தேர்வு வைத்து எடுப்பார்கள், பெரும்பாலும் கோடை விடுமுறை நேரத்தில்.

பலர் கோட்டைவிடுவது வகுப்புக் கணக்கில். 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குத்தான் சேர்க்கை. எட்டாவதில் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, ஒன்பதாவதையும் விட்டால், பத்தில் வாசல் மூடியிருக்கும். பிறகு பிளஸ் ஒன்தான் கடைசி வாய்ப்பு, அதற்குள் போட்டி கூடியிருக்கும்.

விடுதியின் பெரிய லாபம் சாப்பாடு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பையன்கள் கால் வேகத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. எழுபதாவது நிமிஷத்தில்தான் விழுகிறார்கள். காலையில் பழைய சோறு சாப்பிட்டுப் பந்து தட்டிய பையனுக்கு ஒரு வருஷம் முட்டை, பால், கறி, ஒழுங்கான தூக்கம் கிடைத்தால் அது எந்தப் பயிற்சியாளரின் வித்தையையும் விடப் பெரிது. கூடவே தினமும் தன்னைவிடக் கெட்டிக்காரர்களோடு ஆட வேண்டும். ஊரில் ராஜாவாக இருந்தவன் அங்கே ஏழாவது ஆள்.

குறை இல்லாமலும் இல்லை. அங்கே ஒரே பயிற்சியாளர் கையில்தான் எல்லாம். அவருக்கு உங்கள் பையனைப் பிடிக்கவில்லை என்றால் மாற்று வழி கிடையாது. பயிற்சி, பயணம் என்று மதிப்பெண் இறங்கும், அதைத் தூக்கிவிட வீட்டில் ஆள் இல்லை. முதல் இரண்டு மாதம் அழுது போன் வரும். அம்மாக்கள் அந்த நேரத்தில் பஸ் ஏறிவிடாமல் இருப்பது முக்கியம். தீபாவளிக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பாமல் விட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

## சென்னை லீக்கும் துறை அணிகளும்

நான் போன வழி. பிளஸ் டூ முடித்து, விளையாட்டுக் கோட்டாவில் சென்னைக் கல்லூரியில் சேர்ந்து, சாயங்காலம் ஒரு கிளப்புக்குக் கீழ் டிவிஷனில் ஆடி, மேலே வருவது. கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, லீக் மூன்றிலும் ஆடலாம் என்பதால் ஆட்ட எண்ணிக்கை கூடும். லீக்கை மட்டும் நம்பினால் குறைவுதான்: பத்து அணி இருக்கும் டிவிஷனில் ஒரு சுற்றுக்கு ஒன்பது ஆட்டம்.

இந்த வழியின் மதிப்பு கோப்பையில் இல்லை, எதிர் அணியில் இருக்கிறது. இந்தியன் வங்கி, தென்னக ரயில்வே, ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப், வருமான வரித்துறை, கணக்காயர் அலுவலகம் என்று வேலை கொடுத்து ஆட வைத்த அணிகளின் ஊர் சென்னை. அவர்களுக்கு எதிராக நன்றாக ஆடுவதுதான் நேர்முகத் தேர்வு. முன்பு போல அள்ளி எடுப்பதில்லை, பல துறைகள் சில வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு, மூன்று பேரை எடுக்கின்றன. ஆனால் எடுத்தால் கிளப் மூடினாலும் சம்பளம் நிற்காது. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அதற்குச் சந்தோஷ் டிராஃபி, பல்கலைக்கழகம் போன்ற அங்கீகரித்த போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். 1941-இலிருந்து நடக்கும் சந்தோஷ் டிராஃபியை இன்று யாரும் டிவியில் பார்ப்பதில்லைதான். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டவனுக்கு அதன் மதிப்பு தெரியும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறை, மெஸ், மைதானத்துக்கு ரயில், வருஷத்துக்கு இரண்டு ஜோடி பூட்ஸ். இதைக் கிளப் கொடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நான் ஆடிய கிளப் ஒன்று சீசன் முடிந்ததும் பேசிய தொகையில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு "அடுத்த வாரம்" என்றது. அந்த வாரம் இன்னும் வரவில்லை. வேறு கிளப்புக்குப் போகலாம் என்றால் பதிவு அவர்கள் கையில், தடையில்லாச் சான்று தராமல் ஒரு சீசன் இழுத்தார்கள். உழவன் எக்ஸ்பிரஸில் கும்பகோணம் வந்து இறங்கிய அந்த விடிகாலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடும்முன் இரண்டு கேள்வி: எத்தனை வருஷத்துக்குப் பதிவு? நடுவில் விலகினால் யார் விடுவிப்பது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பத்தாவது முடித்த பையனை இந்த வழியில் அனுப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பதினாறு வயதில் அறை எடுத்துத் தங்குபவனுக்குச் சமைக்கத் தெரியாது, பாதி நாள் பரோட்டாவில் ஓடும்.

## வெளிமாநில அகாடமி

இதில் இரண்டு ஜாதி. பெயர் ஒன்று, குணம் வேறு.

ஒன்று, அவர்கள் செலவில் உங்கள் பையனை வளர்ப்பது. ஜாம்ஷெட்பூரில் 1987-இல் தொடங்கிய டாடா கால்பந்து அகாடமி, நவி மும்பையில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் நடத்துவது, சில ஐஎஸ்எல் கிளப்புகளின் இளையோர் அணிகள். இங்கே இடம் கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். ஆட்டம், சாப்பாடு, மருத்துவம், பார்க்கும் கண்கள் எல்லாமே மேலே சொன்ன மூன்று வழிகளைவிட மேல். காரைக்குடி பக்கம் கண்டனூரில் பிறந்த சிவசக்தி, முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் நடத்திய கால்பந்துப் பள்ளியில் ஆடி, பெங்களூரு எஃப்சிக்குப் போய், 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்டான். நடக்கவே நடக்காத விஷயம் இல்லை.

மற்றொன்று, உங்கள் செலவில் அவர்கள் வளர்வது. மாதக் கட்டணம், விடுதிக் கட்டணம், கிட் கட்டணம், "வெளிநாட்டு டூர்" கட்டணம். என் அக்கா மகனை இப்படி ஒரு டிரையல்ஸுக்குக் கூட்டிப்போனேன். மூவாயிரம் கட்டினோம். இருநூறு பையன்களுக்கு மேல். அவனுக்குக் கிடைத்தது பன்னிரண்டு நிமிஷம், அதில் பந்து காலுக்கு வந்தது நான்கு முறை. மறுநாள் "தேர்வாகிவிட்டார்" என்று செய்தி, கூடவே வருஷக் கட்டணப் பட்டியல். வந்தவர்களில் தேர்வாகாத பையன் ஒருவனைக்கூட நான் பார்க்கவில்லை. நல்லவேளை, அக்கா நகையை அடகு வைக்கவில்லை.

பணம் கட்டும் அகாடமி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, அவர்கள் அணி இளையோர் லீக்கில் உண்மையில் ஆடுகிறதா, போன மூன்று வருஷத்தில் அங்கிருந்து எந்தக் கிளப்புக்கு யார் போனார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தடுமாறினால் திரும்பி வாருங்கள்.

வயசுச் சமாச்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வருஷம் குறைத்துப் போட்ட வீடுகள் நம் பக்கம் உண்டு. இளையோர் லீக்குகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பதினைந்து, மணிக்கட்டில் பதினேழு என்றால் அந்தப் பிரிவில் ஆட முடியாது. பையன் செய்யாத தப்புக்குப் பையன் அழுவான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஊர் | அரசு விடுதி | சென்னை | இலவச அகாடமி | கட்டண அகாடமி |
|---|---|---|---|---|---|
| நிஜமான ஆட்டம் | குறைவு, மழையில் இல்லை | நடுத்தரம் | கல்லூரியோடு சேர்த்தால் நிறைய | நிறைய | விசாரித்தால்தான் தெரியும் |
| வீட்டுச் செலவு | மிகக் குறைவு | பயணம், கைச்செலவு | அறை, சாப்பாடு, ரயில் | கிட்டத்தட்ட இல்லை | மிக அதிகம் |
| படிப்பு | பத்திரம் | சறுக்கலாம் | பட்டம் கிடைக்கும் | மொழி மாறும் | இடத்தைப் பொறுத்தது |
| யார் பார்ப்பார்கள் | மாவட்டத் தேர்வாளர் | மாநிலத் தேர்வாளர் | துறை அணிகள், கிளப்புகள் | ஐஎஸ்எல், ஐ-லீக் கிளப்புகள் | அதேதான், சொல்வதற்கு |
| 22-இல் மிஞ்சுவது | படிப்பு | சான்றிதழ், உடம்பு | பட்டம், வேலைக்கான வாய்ப்பு | ஆட்டம், அவனே தேடினால் படிப்பு | கடன் |

## பெண் பிள்ளை என்றால்

வரிசை தலைகீழாகும். பெண்களுக்கான தேசிய லீக் 2016-17-இல்தான் தொடங்கியது, ஆனாலும் அதில் தமிழ்நாட்டின் கை ஓங்கியே இருந்திருக்கிறது. மதுரையின் சேது எஃப்சி 2018-19-இல் சாம்பியன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கடலூரிலிருந்து கிளம்பிய இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடி, தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். ஆடும் பெண்கள் எண்ணிக்கை இன்னும் குறைவு என்பதால் மாநில அணிக்கான தூரமும் குறைவு. எட்டாவது படிக்கும் பெண் நன்றாக ஆடினால் நான் விடுதித் தேர்வு தவிர வேறெதையும் பேச மாட்டேன். தடை எங்கே என்றால் வீட்டில். "வயசுக்கு வந்த புள்ள ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டா?" என்று அத்தை கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அந்தப் பெண்ணின் ஆட்டத்தைப் பார்க்க அத்தையையும் அழைத்து வாருங்கள் என்பதைத் தவிர.

## யாருக்கு எது

பதின்மூன்றுக்குக் கீழ்: ஊர். ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு, வீட்டில் சாப்பாட்டுக்கே இழுபறி, பையனிடம் வேகம் இருக்கிறது: விடுதி. பதினாறில் மாநில அணிக்கு ஆடிவிட்டான், இலவச அகாடமி கூப்பிடுகிறது: போகட்டும். பிளஸ் டூ முடித்தவன், ஆட்டம் நல்லது, உலகமே மெச்சும் அளவு இல்லை: சென்னை, கல்லூரி, துறை அணி. நம் பையன்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசிக் கட்டத்துக்காரர்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கட்டண அகாடமியை, பணம் போனாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய வீடு மட்டும் யோசிக்கலாம்.

உச்சிக்குப் போன தஞ்சாவூர்க்காரரும் உண்டு. காலியா குலோத்துங்கன் கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் ஆடியவர். ஈஸ்ட் பெங்கால் 2003-இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தார். 2018-இல் தஞ்சாவூரில் சாலை விபத்தில் போய்விட்டார். இன்றைக்குப் பத்தாவது படிக்கும் பையன்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் விழிக்கிறார்கள்.

திருத்துறைப்பூண்டி அப்பாவிடம் மூன்று கேள்வி கேட்டேன். இடது கால் பழக்கமா? ஆமாம். மாநிலம் வரை போனானா? மாவட்ட இறுதியில் தோற்றார்கள். பத்தாவது எப்படி எழுதியிருக்கிறான்? "கணக்குதான் பயமா இருக்கு சார்." அப்படியானால் பிளஸ் ஒன் விடுதித் தேர்வு, அது கிடைக்காவிட்டால் ஊரிலேயே பிளஸ் டூ, பிறகு சென்னை என்றேன். இடது கால்காரனை லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டம், ஆடச் சொல்லுங்கள், அந்த இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவது குறைவு என்றும் சொன்னேன்.

"கோல் போடுறவனை பேக் ஆடச் சொன்னா கோவிச்சுக்குவானே சார்."

கோபிக்கட்டும் என்றேன். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.